மோதல் நிகழ்வது கேட்பவர் காதில்

தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழும். சரி, நாம் ஆரம்பிப்போம் என்று வாயைத் திறந்தால், அதே நொடியில் அந்தப் பக்கமும் ஆரம்பித்திருப்பார்கள். இருவரும் நிறுத்துவோம். "நீங்கள் சொல்லுங்கள்." "இல்லையில்லை, நீங்கள் சொல்லுங்கள்." இந்த இரண்டு வாக்கியங்களும் மறுபடி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கடைசியில் யாரோ ஒருவர் அரை நொடி கூடுதலாகப் பொறுத்துக்கொள்வதால்தான் பேச்சு பிழைக்கிறது.

கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் கருவிகளுக்கு நாள் முழுவதும் இதே தொல்லைதான். ஒரே அலைவரிசையில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால், கேட்கும் ஆன்டெனாவில் இரண்டு அலைகளும் கலந்துபோகும். வந்து சேர்ந்த செய்தித் துண்டின், அதாவது பாக்கெட்டின், வாலில் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும். அது உள்ளடக்கத்தோடு ஒத்துப்போகாது. பெறும் கருவி அதைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். இதற்குப் பெயர் மோதல்.

வீட்டு வைஃபையில் ரவுட்டர் என்ற பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாப் பேச்சும் அவர் வழியாகவே போகும். அட்-ஹாக் வலையமைப்பில் அப்படி யாரும் கிடையாது. புயலில் கோபுரங்கள் சாய்ந்த ஊரில் மீட்புக் குழுவினரின் கருவிகள், வயலில் தூவிய உணரிகள், கடலில் போகும் கப்பல்கள் என்று எதிர்ப்பட்டவர்கள் எதிர்ப்பட்டபடி தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். தூரத்தில் இருப்பவருக்குச் செய்தி போக வேண்டுமானால் நடுவில் இருப்பவர் வாங்கிக் கைமாற்ற வேண்டும். யார் எப்போது பேசலாம் என்று முறை வைக்க ஆள் இல்லாத கூட்டம் இது. அதில் ஒழுங்கு எப்படி வருகிறது?

கதை ஹவாயில் தொடங்குகிறது. அலைச்சறுக்கில் ஆசை கொண்டு அந்தத் தீவுகளுக்குக் குடிபோன நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும், தீவுகளில் சிதறிக் கிடந்த முனையங்களை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கணினியோடு ரேடியோ மூலம் இணைத்தார்கள். 1971-இல் இயங்கத் தொடங்கிய அந்த வலையமைப்பின் பெயர் அலோஹாநெட். அதன் விதியைப் போல எளிய விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை: அனுப்பத் தோன்றினால் அனுப்பு. கிடைத்தது என்ற பதில் வராவிட்டால், சிறிது நேரம் கழித்து மறுபடி அனுப்பு. அந்தச் 'சிறிது நேரம்' எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல எடுத்துக்கொள்ள வேண்டும். இருவரும் ஒரே அளவு காத்திருந்தால் மறுபடியும் மோதத்தானே செய்வார்கள்?

இந்த முரட்டு முறை வேலை செய்தது, ஆனால் விலை அதிகம். என் பாக்கெட் தப்பிக்க வேண்டுமானால், அது காற்றில் இருக்கும் நேரம் முழுவதும் வேறு யாரும் தொடங்கக் கூடாது. எனக்கு முன்பு தொடங்கிய ஒருவருடைய வாலும் என் தலையில் இடிக்கக் கூடாது. ஆக, ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு பாக்கெட் நேரத்துக்கு ஆபத்து. கணக்குப் போட்டால், அலைவரிசையின் நேரத்தில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். எல்லோரும் ஒரே கடிகாரத் துடிப்பில் மட்டுமே தொடங்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு போட்டால் ஆபத்து நேரம் பாதியாகி, 36.8 சதவீதம் வரை ஏறும். அதற்கு மேல் போக, காது வேண்டும்.

காது என்றால், பேசுவதற்கு முன் கேட்பது. அலைவரிசையில் ஏற்கெனவே யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அமைதியாக இருந்தால் மட்டும் தொடங்குவது. கிளைன்ராக், டொபாகி என்ற ஆய்வாளர்கள் இருவர் 1975-இல் இதன் கணிதத்தை விரிவாக எழுதினார்கள். கம்பி வழி ஈதர்நெட் இன்னொரு படி மேலே போனது: பேசும்போதே கேட்டுக்கொண்டிருந்து, மோதல் என்று தெரிந்த மறுகணம் வாயை மூடிக்கொண்டது.

ரேடியோவில் அந்த இரண்டாவது வித்தை எடுபடாது. காரணம் கூச்சல். ஒரு வைஃபை கருவி 100 மில்லிவாட் ஆற்றலில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து அதன் ஆன்டெனாவுக்கு வந்து சேரும் இன்னொருவருடைய சிக்னல் 10 பிக்கோவாட் இருந்தால் அது சாதாரண நிலைதான். இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரம் கோடி மடங்கு. நாதஸ்வரத்தை ஊதிக்கொண்டே அடுத்த தெருவில் நடக்கும் கிசுகிசுப்பை யாரால் கேட்க முடியும்? அதனால் வைஃபை கருவி பேசத் தொடங்கினால் கடைசி எழுத்து வரை பேசி முடிக்கிறது. மோதல் நடந்ததா இல்லையா என்பதைப் பதில் வருகிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. மோதலை நடக்கும்போதே கண்டுபிடிக்க வழியில்லாததால், நடக்காமல் பார்த்துக்கொள்வதே ஒரே வழி.

அதற்கு 1997-இல் வெளிவந்த வைஃபை தரநிலை எடுத்துக்கொண்ட முறையை, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். எண்கள் பிறகு வந்த 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் உள்ளவை.

மீனா, பாண்டி இருவருடைய மடிக்கணினிகளும் அனுப்பக் காத்திருக்கின்றன. செல்வியின் கணினி பேசிக்கொண்டிருக்கிறது. அவள் முடித்ததும் இருவரும் பாய்ந்தால் மோதல் உறுதி. காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே கணத்தில் கிளம்புவார்கள் என்பதால், ஒருவர் பேசி முடித்த தருணம்தான் மிக ஆபத்தான தருணம். ஆகவே முதலில் 34 மைக்ரோ விநாடி எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண்ணைத் தாமாக எடுத்துக்கொள்கிறார்கள். மீனாவுக்கு 4, பாண்டிக்கு 11. ஒவ்வொரு 9 மைக்ரோ விநாடிக்கும் எண் ஒன்று குறையும். 36 மைக்ரோ விநாடியில் மீனா பூஜ்யத்தைத் தொட்டு அனுப்பத் தொடங்குகிறாள். பாண்டியின் கணக்கு 7-இல் நிற்கிறது. அவன் அதை அழிப்பதில்லை, அப்படியே உறைய வைக்கிறான். மீனா முடித்து, அவளுக்குப் பதிலும் வந்து, மறுபடி 34 மைக்ரோ விநாடி அமைதி கழிந்ததும், அவன் 7-இலிருந்து எண்ணுவான். மீனாவுக்கு உடனே இன்னொரு பாக்கெட் அனுப்ப ஆசை வந்து புதிதாக 9 எடுத்தால், இந்த முறை முந்துவது பாண்டி. வங்கியில் டோக்கன் வாங்கியதுபோல, காத்திருந்த நேரம் வீண்போவதில்லை. இங்கே டோக்கன் கொடுக்கும் ஊழியர் மட்டும் இல்லை.

இருவரும் ஒரே எண்ணை எடுத்தால்? பதினாறில் ஒரு வாய்ப்பு அதற்கு உண்டு. மோதுவார்கள், பதில் வராது, அடுத்த முறை 0 முதல் 31 வரை உள்ள எண்களிலிருந்து எடுப்பார்கள். மறுபடி மோதினால் 63 வரை. இப்படியே இரட்டித்து 1023 வரை போகும். இந்த இரட்டிப்பு எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பத்துப் பேர் பதினாறு எண்களிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுத்தால், யாரோ இருவருக்காவது ஒரே எண் வர 97 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கூட்டம் எவ்வளவு என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. மோதல் ஏற்படுவதை வைத்துத்தான் 'ஆள் அதிகம் போலிருக்கிறது, கொஞ்சம் பெரிய பெட்டியிலிருந்து சீட்டு எடுப்போம்' என்று அது ஊகித்துக்கொள்கிறது. எப்போதும் பூஜ்யத்தையே எடுக்கும்படி ஒரு கருவியைத் திருத்திவைத்தால் அது எல்லோரையும் முந்தும், பிடிக்கப் போலீஸ் இல்லை. வலையமைப்பு முழுவதும் பரஸ்பர மரியாதையின்மேல் நிற்கிறது.

இதுவரை சொன்னதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை நான் பாடப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொண்டதைவிட, ஒரு கட்டடத்தின் தாழ்வாரத்தில் நின்று புரிந்துகொண்டதே அதிகம். மூன்று மடிக்கணினிகளை அட்-ஹாக் முறையில் இணைத்திருந்தோம். ஒன்று தாழ்வாரத்தின் இந்தக் கோடியில், ஒன்று அந்தக் கோடியில், மூன்றாவது நடுவில் மாடிப்படியருகே. கோடியில் இருந்த இரண்டுக்கும் இடையே கான்கிரீட் சுவர்கள். ஒன்றின் சிக்னல் மற்றொன்றை எட்டவில்லை. நடுவில் இருந்ததற்கு இரண்டும் நன்றாகவே கேட்டன. ஒரு கோடியிலிருந்து நடுக் கணினிக்குக் கோப்பு அனுப்பினால் வேகமாகப் போனது. மறு கோடியிலிருந்தும் அப்படியே. இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் இரண்டும் நொண்டின. பாதிப் பாதி வேகம் கிடைத்தால்கூட நியாயம் என்று சொல்லலாம். இது அதற்கும் கீழே. டிரைவரை மாற்றினோம், சேனலை மாற்றினோம். பாதி நாள் போன பிறகுதான் புத்தியில் உறைத்தது: இரண்டு கோடியிலும் இருப்பவை விதிப்படிதான் நடக்கின்றன. பேசுவதற்கு முன் கேட்கின்றன. அமைதியாக இருக்கிறது. பேசுகின்றன. நடுவில் இருப்பதன் காதில் இரண்டும் மோதுகின்றன.

இதை மறைந்த முனையச் சிக்கல் என்பார்கள். அனுப்புகிறவர் தன் காதால் கேட்டு முடிவெடுக்கிறார். மோதல் நிகழ்வதோ பெறுகிறவருடைய காதில். இருவரும் ஒரே அறையில் இருந்தால் இரண்டு காதும் ஏறத்தாழ ஒன்றையே கேட்கும், குழப்பமில்லை. சுவரும் தூரமும் இடையில் வந்தவுடன் இரண்டும் வேறு உலகங்கள் ஆகிவிடுகின்றன. அட்-ஹாக் வலையமைப்பில் மோதலைத் தவிர்ப்பது பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

டொபாகியும் கிளைன்ராக்கும் இதை அப்போதே, 1975-இலேயே கவனித்துவிட்டார்கள். பெறுகிறவர் பக்கத்திலிருந்து, தனியான ஒரு குறுகிய அலைவரிசையில் 'நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரு தொனியை விடாமல் ஒலிக்கச் செய்யலாம் என்பது அவர்கள் சொன்ன தீர்வு. நல்ல யோசனை, ஆனால் இரண்டாவது ரேடியோ வேண்டும். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1990-இல், ஃபில் கார்ன் என்ற அமெச்சூர் ரேடியோக்காரர் இரண்டாவது ரேடியோ இல்லாமலே அதைச் சாதிக்கும் வழியைச் சொன்னார். ஆப்பிள் நிறுவனத்தின் கம்பி வழி வலையமைப்பில் ஏற்கெனவே இருந்த ஒரு வழக்கத்தை ரேடியோவுக்குக் கொண்டுவந்தார். பேசுவதற்கு முன் கேட்கும் வேலையையே அவர் தூக்கிப் போட்டார் என்பது இதில் எனக்குப் பிடித்த துணிச்சல். என் பக்கத்துக் காற்று அமைதியாக இருந்தால் என்ன, இரைச்சலாக இருந்தால் என்ன, முக்கியம் எதிராளியின் பக்கத்துக் காற்றல்லவா என்பது அவர் வாதம். பின்னால் வந்த வைஃபை தரநிலை இரண்டையும் வைத்துக்கொண்டது. கேட்கவும் செய்யும், கார்ன் சொன்னதையும் செய்யும்.

அவர் சொன்னது இதுதான். பெரிய பாக்கெட்டை அனுப்பும் முன் "அனுப்பலாமா?" என்று ஒரு குட்டிச் செய்தி விடு. ஆர்டிஎஸ் என்று பெயர், வைஃபையில் 20 பைட். பெறுகிறவர் "அனுப்பு" என்று இன்னொரு குட்டிச் செய்தியால் பதில் சொல்லட்டும். அது சிடிஎஸ், 14 பைட். சூட்சுமம் முழுவதும் இந்தப் பதிலில் இருக்கிறது. "அனுப்பு" என்பது கேட்டவருக்கான பதில் மட்டும் அன்று. அந்தக் குரல் எட்டும் தூரத்தில் உள்ள எல்லோருக்கும் அது "சற்று வாயை மூடுங்கள்" என்ற வேண்டுகோள். பெறுகிறவரின் காதைக் கெடுக்கக்கூடியவர்கள் யார்? பெரும்பாலும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். அவர் குரலைக் கேட்கக்கூடியவர்களும் அவர்களே.

எங்கள் தாழ்வாரத்துக்கே வருவோம். இந்தக் கோடி "அனுப்பலாமா?" என்கிறது, அந்தக் கோடிக்கு அது கேட்காது. நடுக் கணினி "அனுப்பு, இன்னும் 2,000 மைக்ரோ விநாடி ஆகும்" என்கிறது. அந்தக் கோடிக்கு இது கேட்கும். சிடிஎஸ் செய்தியில் எவ்வளவு நேரம் என்ற எண்ணும் இருப்பதால், அந்தக் கோடி தன்னிடம் உள்ள ஒரு கணக்கில் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, காற்று அமைதியாகத் தோன்றினாலும் கணக்குத் தீரும்வரை மௌனமாக இருக்கும். தன் காதை நம்பாமல் பெறுகிறவர் சொல்லை நம்புகிறது. இரண்டு கோடிகளும் ஒரே சமயத்தில் "அனுப்பலாமா?" என்று கேட்டு மோதிக்கொள்ளவும் கூடும். மோதினால் போவது ஒரு குட்டிச் செய்தி, அவ்வளவுதான். எங்கள் கணினிகளில் இந்த வசதி இருந்தது, ஆனால் எத்தனை பைட்டுக்கு மேற்பட்ட பாக்கெட்டுக்கு அதைப் பயன்படுத்துவது என்ற வரம்பு, பெரிய பாக்கெட்டுகளுக்குக்கூடப் பயன்படாத அளவுக்கு உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது. வரம்பைச் சில நூறு பைட்டுக்கு இறக்கியதும் இரண்டு கோப்புகளும் சேர்ந்து நகர்ந்தன.

அப்படியானால் எப்போதும் இயக்கியே வைக்கலாமே என்றால், வேண்டாம். கூலியைக் கணக்குப் பாருங்கள். குட்டிச் செய்திகள் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதால் மெதுவான வேகத்தில், சொல்லப்போனால் விநாடிக்கு 6 மெகாபிட்டில், போகும். ஆர்டிஎஸ் 52 மைக்ரோ விநாடி, சிடிஎஸ் 44, இடையிடையே 16 வீதம் இரண்டு மூச்சு. மொத்தம் 128. விநாடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் 1,500 பைட் பாக்கெட் அனுப்ப 2,000 மைக்ரோ விநாடிக்கு மேல் ஆகும். அதோடு ஒப்பிட்டால் 128 என்பது கொசுறு. அதே பாக்கெட் 54 மெகாபிட் வேகத்தில் சுமார் 250 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். அதற்கு 128 முன்பணமா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைக்கு வெகு அருகில் வந்துவிடுகிறோம். மறைந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால், பாக்கெட் பெரிதாக இருந்தால், வேகம் குறைவாக இருந்தால் போடலாம். மற்ற நேரத்தில் வீண்.

நோய்க்கு நேர் எதிரான நோயும் ஒன்று உண்டு. நால்வர் வரிசையாக இருக்கிறார்கள். இரண்டாமவர் முதலாமவருக்கு அனுப்புகிறார். மூன்றாமவர் நான்காமவருக்கு அனுப்ப நினைக்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் அனுப்பினாலும் பாதகமில்லை. பெறுகிறவர்கள் இரு கடைசியில், எதிர்ப்பக்கத்தில் அனுப்புகிறவருடைய குரல் அவர்களுக்கு எட்டாது. ஆனால் மூன்றாமவர் காதில் இரண்டாமவர் குரல் விழுவதால் அவர் வீணாக அடங்கி உட்கார்ந்திருப்பார். முதல் சிக்கலில் கேட்க வேண்டியது கேட்கவில்லை, இதில் கேட்க வேண்டாதது கேட்கிறது. இதற்கு வைஃபையில் நல்ல மருந்து இல்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது ஒலிபரப்பு. "அனுப்பலாமா?" என்று ஒருவரைக் கேட்கலாம், ஊரையே கேட்க முடியுமா? எல்லோருக்குமான செய்திக்கு ஆர்டிஎஸ் கிடையாது, கிடைத்தது என்ற பதிலும் கிடையாது. அட்-ஹாக் வலையமைப்பிலோ, தொலைவில் உள்ளவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒலிபரப்பால்தான். "இன்னாருக்கு வழி தெரியுமா?" என்று ஒருவர் கேட்க, கேட்டவர்கள் எல்லோரும் அதையே திருப்பிச் சொல்வார்கள். ஒரே செய்தியை ஒரே கணத்தில் கேட்ட எட்டுப் பேரும் ஒரே கணத்தில் திருப்பிச் சொன்னால் என்ன ஆகும்? 1999-இல் இதை ஆராய்ந்தவர்கள் ஒலிபரப்புப் புயல் என்றே பெயர் வைத்தார்கள். மருந்து பழையதுதான்: திருப்பிச் சொல்வதற்கு முன் ஒவ்வொருவரும் சீட்டுக் குலுக்கியதுபோல ஒரு சிறு தாமதத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கிடையில் அண்டை வீட்டார் பலர் அதையே சொல்லிவிட்டதாகக் காதில் விழுந்தால், சொல்லாமலே விட்டுவிடலாம்.

ஒருவர் மட்டுமே பேசும்போதும் மோதல் வரும் என்பது ஆரம்பத்தில் நம்பச் சிரமமான செய்தி. வரிசையாக நிற்பவர்கள் வழியாக ஒரு கோப்பைக் கைமாற்றிக்கொண்டே போகிறோம். முதலாமவர் இரண்டாமவருக்கு அடுத்த துண்டைக் கொடுக்கும்போது, முந்தைய துண்டை மூன்றாமவர் நான்காமவருக்குக் கொடுக்க முயன்றால், அந்தக் குரல் இரண்டாமவர் காதிலும் விழுந்து கெடுக்கும். அதனால் மூன்று பேருக்கு ஒருவர்தான் ஒரே சமயத்தில் பேச முடியும். குரல் புரியும் தூரத்தைவிடக் குரல் தொந்தரவு செய்யும் தூரம் அதிகம் என்பதால் நடைமுறையில் அதுவும் நான்குக்கு ஒன்று ஆகிவிடும். 2001-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்ட வரிசைகளைப் பாவனைச் சோதனையில் ஓட்டிப் பார்த்தபோது, வைஃபை விதிகளின்படி நடந்த கருவிகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வேகம்தான்.

சீட்டுக் குலுக்குவதையே விட்டுவிட்டு நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாதா? முடியும், எல்லோருடைய கடிகாரமும் ஒத்துப்போனால். தலைவர் இல்லாத கூட்டத்தில் அது எளிதன்று. ஆனால் கடலில் அது தினமும் நடக்கிறது. சென்னை மெரினாவில் நின்றால் தொடுவானத்தில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும். அவை ஒவ்வொன்றும் தன் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை 162 மெகாஹெர்ட்ஸ் அருகே உள்ள இரண்டு அலைவரிசைகளில் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏஐஎஸ் என்று பெயர். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து எல்லோருக்கும் ஒரே நேரம் கிடைக்கிறது. ஒவ்வோர் அலைவரிசையிலும் ஒரு நிமிடம் 2,250 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டம் சுமார் 27 மில்லி விநாடி.

புதிதாகக் கருவியை இயக்கும் கப்பல் முதலில் ஒரு நிமிடம் முழுவதும் வாய் திறக்காது. எந்தக் கட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்று கேட்டுப் படம் வரைந்துகொள்ளும். காலியான ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பேசும்போது, இந்த இடத்தை இன்னும் எத்தனை நிமிடம் வைத்துக்கொள்ளப் போகிறேன், பிறகு எங்கே மாறப் போகிறேன் என்பதையும் சேர்த்தே அறிவிக்கும். கேட்கிற மற்றக் கப்பல்கள் அந்தக் கட்டத்தில் துண்டு போட்டு வைத்ததாக எடுத்துக்கொண்டு விலகிக்கொள்ளும்.

நெரிசலான துறைமுகத்தில் கட்டங்கள் தீர்ந்துபோனால்? அங்கேயும் மறைந்தவர்கள் உண்டு, மோதலும் உண்டு. ஏஐஎஸ் அதைத் தவிர்க்க முயல்வதை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, யாருடன் மோதுவது என்பதைத் தேர்ந்தெடுக்கிறது. தனக்குக் கேட்கும் கப்பல்களில் மிகத் தொலைவில் இருப்பது எதுவோ, அதனுடைய கட்டத்தில் தன் குரலை வைக்கும். பக்கத்தில் இருக்கும் மாலுமிகளின் கருவியில் இரண்டு குரல்களும் சேர்ந்தே விழும். வலுவான குரல் மெலிந்ததை அமுக்கிவிட, அவர்களுடைய திரையில் கிட்டே வரும் கப்பல் தெரியும், நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருப்பது அந்த ஒரு முறை விடுபட்டுப் போகும்.